தண்டனை முடிகிற நாள்



பாலியல் குற்றம் செய்தவர்களோடு சமூகப்பணி என்று இந்தப் பேச்சுக்குத் தலைப்பைச் சொன்னபோது, விழாக் குழுவில் ஒருவர் தயங்கினார். பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி என்று மாற்றிக்கொள்ளலாமே என்றார். அந்தத் தயக்கம் நியாயமானது. குற்றம் செய்தவருக்காகப் பேச வருகிறவர்கள் குழந்தையை மறந்துவிடுவதை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால் ஒரு குழந்தையிடமிருந்தே தொடங்குகிறேன். ஊர், வயது, அடையாளம் எல்லாவற்றையும் மாற்றித்தான் சொல்கிறேன்.

பதினோரு வயதுச் சிறுமி. அம்மாவின் தம்பி அவர்கள் வீட்டிலேயே தங்கி லேத்துப் பட்டறைக்குப் போய்வந்தார். அவளுக்குக் காது குத்தியது அவர் மடியில் வைத்துத்தான். இரண்டு ஆண்டுகளாக அவர் அவளைப் பாலியல் வதைக்கு உள்ளாக்கியிருந்தார். பள்ளியில் ஒரு விழிப்புணர்வுக் கூட்டம் நடந்த மறுநாள் அவள் டீச்சரிடம் சொன்னாள். பிறகு மகளிர் காவல் நிலையம், அரசு மருத்துவமனை, மாஜிஸ்திரேட் என்று ஒவ்வோரிடத்திலும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. மாமா கைதானார். பாட்டி சாப்பாட்டை விட்டாள். மாமாவின் சம்பளத்தில்தான் வீட்டு வாடகை போய்க்கொண்டிருந்தது. அம்மா மகளோடு பேசுவதையே குறைத்துக்கொண்டாள். சில மாதங்களில் மாமா ஜாமீனில் வந்தார். அன்று வீட்டை விட்டுக் கிளம்பியது அவள்தான். பள்ளியில் டி.சி. வாங்கி, வேறு ஊரில் விடுதியில் சேர்த்தார்கள். நான் முதலில் அவளைச் சந்தித்தபோது வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு அவள் கேட்டது இதைத்தான்: "ஜெயில்ல மாமாவுக்கு ஒழுங்கா சோறு போட்டாங்களா மிஸ்?"

அந்தக் கேள்விக்குள் இந்தக் குற்றத்தின் முழு வடிவமும் இருக்கிறது. உடம்புக்கு நேர்ந்தது ஒரு பகுதிதான். தான் நேசிக்கிற ஒருவரைத் தானே சிறைக்கு அனுப்பிவிட்டோம், பாட்டியைப் பட்டினி போட்டுவிட்டோம், அம்மாவை வாடகைக்கு அலைய வைத்துவிட்டோம் என்ற பாரம் அவள் தலையில் ஏறிவிட்டது. செய்தவர் சுமக்க வேண்டிய குற்றவுணர்வை அவள் சுமந்தாள். அமெரிக்க மனநல மருத்துவர் ரோலண்ட் சம்மிட் 1983-இல் எழுதிய கட்டுரையில் இப்படிப்பட்ட குழந்தைகள் நடந்துகொள்வதை ஐந்து நிலைகளாக விவரித்தார்: ரகசியம், இயலாமை, சிக்கிக்கொண்டு இணங்கிப்போதல், தாமதமாக வெளியே சொல்லுதல், சொன்னதைத் திரும்பப் பெறுதல். நீதிமன்றத்தில் குழந்தை பிறழ்சாட்சியாக மாறும்போது "பொய்ப் புகார்தானே" என்று பேசுகிறவர்கள் அந்த ஐந்தாவது நிலையைத்தான் பார்க்கிறார்கள், முதல் நான்கையும் பார்க்காமல்.

ஆஸ்திரேலியாவில் நிறுவனங்களுக்குள் நடந்த குழந்தைப் பாலியல் வன்முறையை விசாரித்த அரச ஆணையம் 2017-இல் இறுதி அறிக்கை தந்தது. ஆணையத்திடம் தனியாக வந்து பேசியவர்கள், நடந்ததை முதன்முதலாக ஒருவரிடம் சொல்ல எடுத்துக்கொண்ட காலம் சராசரியாக 23.9 ஆண்டுகள். நம் நாட்டில் மத்திய மகளிர், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், ஏதோ ஒரு வகைப் பாலியல் வதைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53 விழுக்காட்டினர். செய்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள், அல்லது அது நம்பிய பொறுப்பில் இருந்தவர்கள். பாதிக்கப்பட்டவர்களில் ஆண்பிள்ளைகளும் பெருமளவில் இருந்தார்கள் என்பதைச் சேர்த்துச் சொல்கிறேன். ஆண்பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது என்று நினைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன.

செய்தவர்கள் பக்கம் வருகிறேன். நான் பேசிய ஒருவர், பக்கத்து வீட்டுக் குழந்தையிடம் குற்றம் செய்து தண்டனை பெற்றவர். "போதையில நடந்துடுச்சு மேடம், எனக்கே தெரியல" என்பதுதான் அவர் வாயில் எப்போதும். சமூகப்பணி படித்து வருகிறவர்கள் இந்த இடத்தில் இரண்டு தவறில் ஒன்றைச் செய்வார்கள். ஒன்று, கோபப்பட்டு உபதேசம் செய்வது. இன்னொன்று, இரங்கித் தலையாட்டுவது. இரண்டிலும் அந்த வாக்கியம் அப்படியே தப்பித்துவிடும். நான் அவரிடம் அன்றைய நாளை மணி மணியாகச் சொல்லச் சொன்னேன். எத்தனை மணிக்கு எழுந்தீர்கள்? வேலைக்கு ஏன் போகவில்லை? குழந்தையின் அம்மாவுக்கு மில்லில் எந்த ஷிப்ட்? அது மாறியது உங்களுக்கு எப்படித் தெரியும்? வீட்டுச் சாவி எங்கே இருக்கும்? சாராயம் குடித்தது எத்தனை மணிக்கு, அதற்கு முன்பு கடையில் என்ன வாங்கினீர்கள்? மிட்டாயும் பரோட்டாவும் வாங்கியது குடிப்பதற்கு முன்பு. ஷிப்ட் மாறியது அவருக்கு நான்கு நாள் முன்பே தெரியும். இதையெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தவர் சாவி இருந்த இடத்தைச் சொன்னதும் நிறுத்திவிட்டார். அன்றைக்கு அதற்குமேல் பேசவில்லை.

அமெரிக்கச் சமூகவியலாளர் டேவிட் ஃபின்கெல்ஹார் 1984-இல் எழுதியது இதை விளங்கிக்கொள்ள உதவும். ஒரு குழந்தை பாலியல் வதைக்கு உள்ளாவதற்கு முன் நான்கு தடைகள் கடக்கப்படுகின்றன என்றார் அவர். செய்ய நினைப்பது முதலாவது. தன் மனசாட்சியை அடக்குவது இரண்டாவது. குடி பெரும்பாலும் அதற்குத்தான் பயன்படுகிறது. குழந்தையைச் சுற்றி இருக்கிறவர்களை விலக்குவது மூன்றாவது. குழந்தையின் எதிர்ப்பைக் கடப்பது நான்காவது. நாம் நடத்துகிற விழிப்புணர்வு வகுப்புகள் எல்லாம் நான்காவது தடையைத்தான் பலப்படுத்துகின்றன. "வேண்டாம் என்று சொல், ஓடு, யாரிடமாவது சொல்" என்று கற்பிக்கிறோம். அது வேண்டும். ஆனால் ஆறு வயதுக் குழந்தையின் தோளில் மொத்தக் காவலையும் ஏற்றிவைப்பது பெரியவர்களின் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதாகும். முதல் இரண்டு தடைகளைப் பற்றிப் பேச வேண்டுமென்றால், அவற்றை எந்த மனிதன் தாண்டுகிறானோ அவனோடு உட்கார்ந்துதான் பேச முடியும். இந்தப் பணிக்கு நான் வந்த காரணம் இதுதான். அந்த ஆளின் மேல் உள்ள இரக்கம் எனக்கு இரண்டாம்பட்சம்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சிறுவயதில் தனக்கு இப்படி நடந்தது என்று சிறையில் சிலர் சொல்வார்கள், அது உண்மையாகவும் இருக்கும். அதை வைத்து, பாதிக்கப்பட்ட பிள்ளைகள் பெரியவர்களானதும் இதைச் செய்வார்கள் என்று யாரும் பேசக் கூடாது. மிகப் பெரும்பாலோர் செய்வதில்லை. அந்தப் பேச்சைக் காதில் வாங்கி, சொந்தப் பிள்ளையைக் குளிப்பாட்டவே பயந்த தந்தை ஒருவரை எனக்குத் தெரியும்.

இப்போது உங்களைக் கனடாவுக்கு அழைத்துப்போகிறேன். ஒன்டாரியோ மாகாணத்தில் ஹாமில்டன் என்ற தொழில் நகரம். 1994 கோடை. சார்லி என்று அழைக்கப்பட்ட ஒருவர் சிறையிலிருந்து வெளியே வந்தார். குழந்தைகள் மீது பலமுறை குற்றம் செய்தவர். அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர். வாழ்நாளில் பெரும்பகுதியைச் சிறைகளிலும் விடுதிகளிலும் கழித்தவர். மறுபடி செய்வார் என்று அதிகாரிகள் உறுதியாக நம்பியதால் அவருக்கு முன்கூட்டிய விடுதலை கொடுக்கவில்லை, தண்டனையின் கடைசி நாள் வரை உள்ளேயே வைத்திருந்தார்கள். இதன் விளைவைப் பாருங்கள்: முன்கூட்டி வருகிறவருக்கு மேற்பார்வை அலுவலர் இருப்பார். முழுத் தண்டனையையும் கழித்து வருகிறவரைக் கேட்க ஆளில்லை. ஆபத்து மிகுந்தவர் என்று யாரைச் சொன்னார்களோ அவர்தான் எந்தக் கண்காணிப்பும் இல்லாமல் தெருவுக்கு வந்தார்.

சிறையின் உளவியலாளர், சார்லியை முன்பே அறிந்திருந்த ஹாரி நை என்ற மென்னோனைட் பாதிரியாரைத் தொலைபேசியில் அழைத்து உதவி கேட்டார். நை தன் சிறு சபையிலிருந்து சிலரைச் சேர்த்துக்கொண்டார். ஊர் கொதித்தது. காவல்துறை எச்சரிக்கை வெளியிட்டது, பத்திரிகைகள் எழுதின, பெற்றோர்கள் திரண்டார்கள். அந்தப் பெற்றோர்கள் தவறானவர்கள் இல்லை. நை குழுவினர் அவர்களோடு சண்டை போடவில்லை என்பதை முக்கியமாகக் கருதுகிறேன். சார்லியைத் தினமும் பார்த்தார்கள், போனில் பேசினார்கள், கடைக்குக் கூட்டிப்போனார்கள். காவலர்களோடும் அக்கம்பக்கத்தாரோடும் பேசினார்கள். சில வாரம் என்று தொடங்கியது சார்லி இறக்கும் வரை, பத்து ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. அவர் இன்னொரு குழந்தையைத் தொடவில்லை. அதே ஆண்டில் டொரன்டோவில் இன்னொருவருக்கு இதே போல ஒரு குழு அமைந்தது. பிறகு இது ஆதரவும் பொறுப்புக்கூறலும் கொண்ட வட்டம் என்ற பெயரில் கனடா முழுவதும் பரவி, 2000-களில் இங்கிலாந்துக்கும் போனது.

வட்டம் எப்படி இயங்குகிறது? நடுவில் விடுதலையானவர். சுற்றிலும் பயிற்சி பெற்ற தன்னார்வலர்கள் நான்கைந்து பேர். வாரம் ஒருமுறை எல்லோரும் கூடுவார்கள். தொடக்கத்தில் தினமும் ஒருவராவது அவரைப் பார்ப்பார் அல்லது போனில் பேசுவார். அவர்களுக்கு வெளியே இன்னொரு வட்டம்: உளவியலாளர், காவல் அதிகாரி, சமூகப்பணியாளர். எழுத்தில் ஓர் ஒப்பந்தம் உண்டு. எது தன்னைக் குற்றத்தை நோக்கி இழுக்கும் என்று அவர் வாயாலேயே சொல்லி அது பதிவாகும். வட்டத்துக்குள் ரகசியம் கிடையாது. ஒருவரிடம் சொன்னது எல்லோரிடமும் சொன்னது, ஆபத்து என்று தெரிந்தால் காவல்துறைக்குப் போகும். "பள்ளிக்கூடம் விடுகிற நேரத்தில் அந்தப் பேருந்து நிறுத்தத்தில் ஏன் நின்றாய்?" என்று முகத்துக்கு நேரே கேட்பதும், அவர் பிறந்தநாளுக்குக் கேக் வெட்டுவதும் அதே ஆட்கள்தான். இந்த இரண்டையும் ஒரே ஆள் செய்வதில்தான் இதன் வலு இருக்கிறது என்பது என் கணிப்பு. இனி ஒருவரும் பாதிக்கப்படக் கூடாது என்பதும், எவரையும் தூக்கி எறிய முடியாது என்பதும் அவர்களுடைய இரு கொள்கைகள். முதலாவதற்கு முன்னுரிமை.

நல்ல மனம் போதாது, கணக்கு வேண்டும் என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும். ராபின் வில்சனும் சக ஆய்வாளர்களும் 2009-இல் கனடாவில் வட்டத்தில் இருந்த 44 பேரை, அவர்களை ஒத்த, வட்டம் இல்லாத 44 பேரோடு ஒப்பிட்டார்கள். பாலியல் குற்றத்தை மீண்டும் செய்வது 83 விழுக்காடு குறைவாக இருந்தது. ஒப்பிட்ட முறை சரியா என்று சந்தேகம் எழுந்தது. அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலச் சிறைத்துறையின் ஆய்வாளர் கிரான்ட் டுவே, 100 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து நடத்திய சோதனையின் முடிவை 2018-இல் வெளியிட்டார். குறைவு 88 விழுக்காடு. ஆட்களின் எண்ணிக்கை சிறியது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் இரண்டு நாடுகளில், இரண்டு முறைகளில், ஒரே திசையைக் காட்டுகிற முடிவுகள் இவை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு கதை இருக்கிறது. அதைச் சமூகப்பணி வகுப்புகளில் தவறாமல் சொல்ல வேண்டும் என்பேன். இங்கிலாந்து, வேல்ஸ் சிறைகளில் 1990-களின் தொடக்கத்திலிருந்து பாலியல் குற்றவாளிகளுக்கான குழு சிகிச்சைத் திட்டம் ஒன்று நடந்தது. நன்கு தயாரிக்கப்பட்ட பாடத்திட்டம், பயிற்சி பெற்ற நடத்துநர்கள். குழுவில் உட்கார்ந்து குற்றத்தை விவரிப்பார்கள், பாதிக்கப்பட்டவரின் வலியை உணரப் பயிற்சி பெறுவார்கள். உலகமே அதை முன்மாதிரியாகப் பார்த்தது. 2017-இல் அந்நாட்டு நீதித்துறை அமைச்சகம் அதன் மதிப்பீட்டை வெளியிட்டது. திட்டத்தில் சேர்ந்த 2,562 பேரில் மீண்டும் பாலியல் குற்றம் செய்தவர்கள் 10 விழுக்காடு. சேராத, ஒப்பிடத்தக்கவர்களில் 8 விழுக்காடு. குற்றம் குறையவில்லை, சற்றுக் கூடியிருந்தது. திட்டம் கைவிடப்பட்டு வேறு திட்டங்கள் வந்தன. நன்மை செய்கிறோம் என்ற நம்பிக்கையில் கால் நூற்றாண்டு ஓடியிருந்தது. இருந்தாலும், தங்கள் திட்டம் பலனளிக்கவில்லை என்று தாங்களே அளந்து அச்சிட்டுச் சொன்ன அந்த அமைச்சகத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு.

ஏன் அப்படி ஆனது? உறுதியான பதில் இல்லை. ஆனால் ஒரு பழைய கண்டுபிடிப்பு இங்கே கைகொடுக்கிறது. கனடாவைச் சேர்ந்த கார்ல் ஹான்சனும் மோர்ட்டன்-போர்கானும் 2005-இல் 82 ஆய்வுகளை, 29,000-க்கும் மேற்பட்ட குற்றவாளிகளின் விவரங்களை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தார்கள். ஐந்தாறு ஆண்டுகளுக்குள் மீண்டும் பாலியல் குற்றத்தில் பிடிபட்டவர்கள் 14 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. நாம் நினைப்பதைவிடக் குறைவுதான். ஆனால் அது பிடிபட்டவர்களின் கணக்கு, வெளியே சொல்ல ஆகிற அந்த 23.9 ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொண்டு அந்த எண்ணைப் படிக்க வேண்டும். அதே தொகுப்பு இன்னொன்றும் சொன்னது. குற்றத்தை மறுக்கிறாரா ஒப்புக்கொள்கிறாரா, பாதிக்கப்பட்டவருக்காக வருந்துகிறாரா இல்லையா என்பதை வைத்து, அவர் மறுபடி செய்வாரா என்று கணிக்க முடியவில்லை. குழந்தைகள் மீதான பாலியல் நாட்டம், சட்டத்தையும் கட்டுப்பாட்டையும் மதிக்காத வாழ்க்கை முறை ஆகியவைதான் கணித்தன. நம் ஊரில் நீதிமன்றம், பஞ்சாயத்து, குடும்பம் எல்லாமே கண்ணீரைப் பார்த்துத்தான் முடிவெடுக்கின்றன. காலில் விழுந்தான், கோயிலில் சத்தியம் செய்தான், திருந்திவிட்டான் என்கிறோம். அழுகிறவர் மனமார அழலாம். அதே ஆள் அடுத்த மாதம் யாருடைய ஷிப்ட் எப்போது மாறுகிறது என்றும் கவனிக்கலாம். கேட்க வேண்டிய கேள்விகள் வேறு: எங்கே தங்கப்போகிறார், அந்த வீட்டில் குழந்தைகள் உண்டா, என்ன வேலை, மாலை ஆறு மணிக்கு மேல் யாரோடு இருப்பார், குடிக்க ஆரம்பித்தால் முதலில் யாருக்குத் தெரியவரும்?

இந்த இடத்தில் ஒரு குழப்பத்தை நீக்கியாக வேண்டும். நான் சொல்வது சமரசம் அன்று. 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ஒரு பாலியல் வன்கொடுமை வழக்கில், தண்டனை பெற்றவருக்கு ஜாமீன் தந்து, பாதிக்கப்பட்ட பெண்ணோடு சமரச மையத்தில் பேசச் சொல்லி ஓர் உத்தரவு வந்தது. அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் இன்னொரு வழக்கில், இத்தகைய குற்றங்களில் சமரசத்துக்கு இடமே இல்லை என்று கடுமையாகச் சொன்னது. சென்னை உத்தரவும் திரும்பப் பெறப்பட்டது. சரியான முடிவு. கட்டிவைத்தால் சரியாகிவிடும் என்று ஊர்ப் பெரியவர்கள் சொல்வதற்கும் ஹாமில்டனில் நடந்ததற்கும் எந்த உறவும் இல்லை. வட்டம் தண்டனைக்குப் பிறகு வருவது. பாதிக்கப்பட்டவரிடம் மன்னிப்போ சந்திப்போ எதையும் அது கேட்பதில்லை.

நம் நாட்டு நிலைக்கு வருவோம். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் 2012-இல் வந்தது. 2019-இல் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டு மரண தண்டனையும் சேர்ந்தது. 2018 செப்டம்பரில் பாலியல் குற்றவாளிகளின் தேசியத் தரவுத்தளம் 4,40,000-க்கும் மேற்பட்ட பதிவுகளோடு தொடங்கப்பட்டது. காவல்துறை மட்டும் பார்க்கலாம். பெயரும் படமும் கைரேகையும் அதில் இருக்கும். அந்த ஆள் இன்று மாலை எங்கே இருக்கிறார் என்பது இருக்காது. முழுத் தண்டனையையும் கழித்து வருகிறவர், சிறைவாசலில் தன் துணிப்பையை வாங்கிக்கொண்டு, எந்த நன்னடத்தை அலுவலரின் மேற்பார்வையும் இல்லாமல் பேருந்து ஏறுகிறார். ஹாமில்டனில் 1994-இல் எங்கே நின்றார்களோ, நாம் இன்றும் அங்கேதான் நிற்கிறோம்.

குற்றம் செய்வதற்கு முன்பே உதவி தேடுகிறவர்களுக்கும் இங்கே வழியில்லை. பெர்லினில் ஷாரிட்டே மருத்துவமனையில் கிளாவுஸ் பையர் 2005-இல் தொடங்கிய திட்டம், குழந்தைகள் மேல் நாட்டம் இருப்பதை உணர்ந்து, அதைச் செயலாக்கக் கூடாது என்று தாமாக வருகிறவர்களுக்குச் சிகிச்சை தருகிறது. அங்கே மருத்துவரின் ரகசியக் காப்புக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. நம் போக்சோவின் 19-ஆம் பிரிவு, குற்றம் நடக்கக்கூடும் என்று அஞ்சுகிற எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது. மூடி மறைக்கும் பள்ளிகளையும் விடுதிகளையும் நினைத்தால் அந்தப் பிரிவை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதே நேரத்தில், இன்னும் ஒரு குழந்தையையும் தொடாத, தன்னைக் கண்டே பயந்த இருபத்திரண்டு வயது இளைஞன் எந்தக் கதவைத் தட்டுவான் என்பதற்குச் சட்டத்துறையினரும் நாமும் சேர்ந்து பதில் தேட வேண்டும்.

சிறார்கள் விஷயத்தில் நமக்கு வாய்ப்பு கூடுதல். இளைஞர் நீதிக் குழுமத்தில் மாஜிஸ்திரேட்டோடு இரண்டு சமூகப்பணியாளர்கள் உட்காருகிறார்கள், அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். அந்த நாற்காலிக்கு உங்களில் சிலர் போவீர்கள். பதினேழு வயதுப் பெண்ணோடு ஊரை விட்டுப் போன பையனும், ஆறு வயதுக் குழந்தையைத் துன்புறுத்திய பையனும் ஒரே சட்டத்தின் கீழ் உங்கள் முன் நிற்பார்கள். இளம்பருவக் காதல் உறவுகளைத் தண்டிப்பது போக்சோவின் நோக்கமில்லை என்று 2021 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் சொன்னது. அந்த வேறுபாட்டைச் சமூகப் புலனாய்வு அறிக்கையில் எழுதிக் காட்டும் திறமை உங்களிடம்தான் இருக்க வேண்டும். மூன்று வரியில் "குடும்பம் ஏழ்மையானது, பையன் அமைதியானவன்" என்று எழுதி அனுப்புகிற அறிக்கைகளைப் படித்துப் படித்து நான் வேதனைப்பட்டிருக்கிறேன்.

கடைசியாக, நடைமுறையில் ஒரு வேண்டுகோள். போக்சோ விதிகளின்படி குழந்தைக்கு விசாரணையிலும் வழக்கிலும் உடனிருக்க ஒரு துணைநபரைக் குழந்தைகள் நலக் குழு நியமிக்கலாம். குற்றம் சாட்டப்பட்டவர் காவலில் இருக்கிறாரா, ஜாமீனில் வந்தாரா, விடுதலையானாரா என்று குழந்தையின் குடும்பத்துக்குத் தெரிவிக்கவும் அந்த விதிகளில் இடமுண்டு. ஆனால் துணைநபரின் பணி வழக்கோடு முடிகிறது. தண்டனை பத்து ஆண்டு என்றால், பதினோரு வயதுச் சிறுமிக்கு அப்போது இருபத்தொன்று. கல்லூரி முடித்திருப்பாள், வேலைக்குப் போயிருப்பாள். தண்டனை பெற்றவர் வெளியே வருகிற தேதி சிறை அலுவலகத்தின் பதிவேட்டில் இருக்கும். அவளுக்கு அதைச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். ஒரு நாள் கல்யாண மண்டபத்தில் பந்தியில் எதிரே உட்கார்ந்திருப்பார்.

எனவே இந்தச் சமூகப்பணித் துறை ஒரு மத்தியச் சிறையோடும் ஒரு மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகோடும் பேசி, விடுதலைக்கு முந்தைய ஆயத்தத்தைக் களப்பணியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்கிறேன். விடுதலைக்கு ஆறு மாதம் இருக்கும்போது இரண்டு மாணவர்கள் பேராசிரியரோடு சிறைக்குப் போய், விடுதலையாகப்போகிறவரிடம் எங்கே தங்குவார், யாரோடு, என்ன வேலை என்று கேட்டு எழுத வேண்டும்; உள்ளூரில் அவரைக் கேள்வி கேட்கத் துணிந்த நான்கு பேரைத் தேட வேண்டும். வேறு இரண்டு மாணவர்கள், அவர்களோடு கலக்காமல், பாதிக்கப்பட்டவரின் வீட்டுக்குப் போக வேண்டும். தெரிந்துகொள்ள விரும்புகிறாளா என்று முதலில் கேட்டு, விரும்பினால் தேதியைச் சொல்லி, அவர் அந்த ஊருக்கு வராதிருக்க அவள் என்ன எதிர்பார்க்கிறாள் என்று எழுதி வாங்கி வர வேண்டும். அவள் எழுதித் தருகிற நிபந்தனைகள் அவருடைய ஒப்பந்தத்தில் முதல் பக்கத்தில் இருக்க வேண்டும். ஒரே ஒரு வழக்கோடு அடுத்த கல்வியாண்டில் தொடங்கலாம், நானும் வருகிறேன்.